அண்ணாச்சியின் முக்காலி

அண்ணாச்சி எதையும் மடிக்காமல் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. காலையில் பேப்பர் படித்து முடித்ததும் அதைப் பட்டுச் சேலை மடிப்பதுபோல நான்காக மடித்து, ஓரத்தை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் மேசையில் வைப்பார். காய்கறி வாங்கிய துணிப்பை, மருந்துக்கடைக் கவர், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் அதே மடிப்பு. இரட்டைப் போர்வையை இரண்டு முனைகளில் பிடித்து ஒரு உதறு உதறினால் அது அவர் சொன்னபடி கேட்டுப் பாதியாக விழும். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும் பெண்கள் அதைப் பார்ப்பதற்காகவே கொஞ்சம் நின்றுவிட்டு வருவோம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் கட்டடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. ஆறு வயதில் என் மகள் இனியாவும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள். தி.நகரில், கடைத்தெருவின் இரைச்சல் பாதியாகக் குறைந்து கேட்கும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் எதிரெதிர் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, ஒரு பெரிய ஜவுளிக்கடையின் கிடங்கைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர். கிடங்கை விட்டு வந்தபின்னும் கிடங்கு அவரை விடவில்லை.

"ராக்கு வளராதும்மா" என்பார். "சரக்கு வளரும், ஆசை வளரும், ராக்கு வளராது. ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும். ஆடி மாசம் என்னத்துக்கு வருதுன்னு நெனைக்கிய? சாமிக்கு இல்ல. கிடங்கு காலியாகணும்லா."

அவர் வீட்டு வாசலுக்கு வெளியே, செருப்பு அலமாரியை ஒட்டி, ஒரு மர முக்காலி இருக்கும். புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அதன்மேல்தான் உட்காரும். அதற்கு ஈடாக உள்ளேயிருந்து ஒன்று வெளியேறும் வரை அது வாசலைத் தாண்டக்கூடாது. புது வாளி வந்தால் பழைய வாளி. புதுச் சட்டை வந்தால் பழைய சட்டை. கதவுக்கு உட்புறம் ஒரு சிலேட்டு தொங்கும். நடுவில் கோடு. ஒரு பக்கம் 'உள்ளே', மறுபக்கம் 'வெளியே'. இரண்டு பக்கமும் எழுதி முடித்தபிறகுதான் முக்காலியிலிருந்து பொருள் இறங்கும்.

வெளியே போனவற்றை அவர் குப்பையில் போட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துடைத்து, மடித்து, கிழிந்திருந்தால் தைத்துத்தான் கொடுப்பார். எங்கள் வாட்ச்மேனின் வீட்டில் பாதி அண்ணாச்சி வீடு.

ஒருமுறை அவர் மகன் புது மிக்ஸி வாங்கிவந்தான். அது முக்காலியில் நான்கு நாள் இருந்தது. பழைய மிக்ஸி அக்காவின் தமக்கை வாங்கித் தந்தது. அக்கா என்று நான் சொல்வது அண்ணாச்சியின் மனைவியை. அவருக்கு அதை விட மனமில்லை. நானும் போகும்போதும் வரும்போதும் அந்த மிக்ஸியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

"என்ன அண்ணாச்சி, விருந்தாளிய வாசல்லயே வச்சிருக்கீங்க?"

"உள்ள இருக்கது எறங்கினா இது ஏறும். பஸ்ஸுல எறங்குதவன விட்டுட்டுத்தான ஏறணும்?"

ஐந்தாம் நாள் அக்கா வடபழனி கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் பழைய மிக்ஸி போய்விட்டது. அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் அந்த வீட்டில் சட்னி அரைக்கவில்லை. இட்லிக்குப் பொடிதான். அண்ணாச்சி அதையும் மறுக்காமல் சாப்பிட்டார்.

அவரை நான் கேலி செய்வதை நிறுத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. இனியாவை ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். பத்தரை வரை தேடினேன். என் வீடு அப்போது எப்படி இருந்ததென்று சொன்னால் இப்போதும் கூசுகிறது. கட்டில்மேல் துணி, சோபாமேல் துணி, பரணில் திறக்காத அட்டைப்பெட்டிகள், மேசைமேல் வங்கிக் கடிதமும் வெங்காயமும். அலுவலகத்திலிருந்து வந்தால் எதைத் தொடுவதென்று தெரியாமல் எதையும் தொடாமல் படுத்துவிடுவேன். அன்று தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

அண்ணாச்சி உள்ளே வந்தார். எதைத் தேடுகிறேன் என்று கேட்டார். புறங்கையால் ஒவ்வொரு குவியலையும், துணியின் தரம் பார்ப்பதுபோல, தடவிக்கொண்டே போனார். இருபது நிமிடத்தில், குக்கருக்கு வந்த உத்தரவாதச் சீட்டுகள் இருந்த கவருக்குள்ளிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார்.

"அழுதா கிடைக்குமா? போங்க, ஆட்டோ புடிங்க. சாயந்தரம் வாரேன். இந்தச் சவத்த எல்லாம் தூக்கி வெளிய போட்டாத்தான் நீங்க மனுசியா இருப்பிய."

மூன்று நாள் வந்தார். ஒரு வாய் காப்பிக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. என் வீட்டின் தரையை நான் அந்த மூன்றாம் நாள்தான் முழுதாகப் பார்த்தேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை இப்போது எழுதும்போதும் மறுக்க முடியவில்லை. போகும்போது தன்னிடமிருந்த இன்னொரு முக்காலியையும் ஒரு சிலேட்டையும் எனக்குத் தந்தார். முக்காலியை எங்கள் வாசலில் தானே வைத்து, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

அடுத்த வருடம் அவர் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று.

அக்காவின் தமக்கை, அந்த மிக்ஸி வாங்கித் தந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அவர்களுடனேயேதான் இருந்தார். கட்டடத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பார். இனியாவின் பாவாடைகளுக்கு அவர் வைத்த தையல் பிரிந்ததே இல்லை. எல்லோருக்கும் அவர் பெரியம்மா. அவர் மெஷினும் கட்டிலும் இருந்த அறைதான் இனி மகனுக்கும் மருமகளுக்கும் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். பெரியம்மாவுக்குத் திருவான்மியூரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருந்தார். மெஷின் தெருமுனைத் தையற்காரருக்குப் போயிற்று.

"மாடில நின்னா கடல் தெரியுமாம்மா" என்றார் பெரியம்மா என்னிடம். "இத்தன வருசம் மெட்ராஸ்ல இருந்தும் நான் கடலப் பாத்தது நாலு தடவ."

பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் கால் வைக்க நல்ல நேரம் பத்தரை. பெரியம்மாவுக்கு ஒன்பதரைக்கே டாக்சி சொல்லியிருந்தார். டாக்சி எங்கோ மாட்டிக்கொண்டது. மணமக்கள் வந்துவிட்டார்கள். ஆரத்தித் தட்டோடு உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்றிருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் அண்ணாச்சி. "அவொ எறங்கட்டும்."

புது மருமகள் மாலையோடு முக்காலியின் பக்கத்தில் நின்றாள். எதற்கு நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா ஒரு பெட்டியோடு வெளியே வந்தார். அவளுடைய கன்னத்தைத் தொட்டார். படியிறங்கினார். அக்கா வாசலுக்கு வரவில்லை. அடுக்களையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியம்மா தெருவுக்குப் போய்ச் சேர்ந்ததை அண்ணாச்சி சன்னல் வழியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டு, "ம், எடுங்க ஆரத்திய" என்றார்.

இனியா என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றிருந்தாள். "பெரியம்மா எங்க போறாங்க அண்ணாச்சி?"

"புது அக்கா வந்திருக்கால்லா? எடம் வேணும்லாட்டி."

அவள் தலையாட்டினாள். கணக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் ஆட்டுவதுபோல.

அன்று நான் என்ன செய்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் கணவரிடம், "ரெண்டு ரூம் வீட்டுல அவரும் என்னதான் பண்ணுவார்" என்றேன். கேசரி கொடுத்தனுப்பினார்கள். சாப்பிட்டேன்.

இனியாவை அந்த முறையில் பழக்கியதில் எனக்குப் பெருமை இருந்தது. மற்றப் பிள்ளைகளின் வீட்டில் பொம்மைகள் காலில் குத்தும். என் மகளுக்குப் பரிசு வந்தால் அதை முக்காலியில் வைத்துவிட்டு, உள்ளே போய், தன் அலமாரித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துவந்து, சிலேட்டில் எழுதுவாள். உள்ளே: புது வாட்டர் பாட்டில். வெளியே: பழைய டிபன் பாக்ஸ். பெரியவர்கள் தயங்கும் நேரம்கூட அவளுக்குத் தேவைப்படவில்லை. ஒன்பதாவது பிறந்தநாளுக்குச் சதுரங்கப் பலகை வந்தபோது, மூன்று வயதிலிருந்து கட்டிக்கொண்டு தூங்கிய துணி யானையைக் கொண்டுவந்து வைத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நான் அதைப் படமெடுத்துக் கட்டடத்து வாட்ஸாப் குழுவில் போட்டேன். அண்ணாச்சி கைகூப்பிய படம் ஒன்று அனுப்பினார். யானை எந்தக் குழந்தையிடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன், பிறகு.

போன வருடம் மே மாதக் கடைசியில் என் நாத்தனாருக்குத் துபாயில் நர்ஸ் வேலை கிடைத்தது. திருச்சியில் அவளும் மகள் கயலும் மட்டும்தான். கயலுக்கு இனியாவின் வயதுதான். எங்களிடம் இருந்து படிக்கட்டும் என்று முடிவாயிற்று. அந்தச் சனிக்கிழமை காலை அவர்களை அழைத்துவர என் கணவர் எழும்பூருக்குப் போயிருந்தார். சமையல் பாதியில் இருந்தது. இனியா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, கயல் இங்கயே இருக்கப் போறாளா, இல்ல லீவுக்கு வர்றாளா?"

"இங்கயேதான். அப்பா சொன்னாரில்ல, இனிமே அவளும் நம்ம வீட்டுப் பொண்ணு."

"எங்க படுப்பா?"

"உன் ரூம்லதான். இன்னும் ஒண்ணும் காலி பண்ணல நீ. அவ வந்து வாசல்ல நிக்கறதுக்குள்ள எது வெளிய போகணும்னு நீயே யோசிச்சு முடிவு பண்ணு. பெரிய பொண்ணு இல்ல நீ?"

நான் சொன்னது அவள் அலமாரியைப் பற்றி. மிக்ஸியைப் போட்டேன். தேங்காய் அரைபட்டுக்கொண்டிருந்தபோது அவள் இன்னும் ஏதோ கேட்டதுபோல இருந்தது. திரும்பவில்லை.

பத்தரைக்கு மணி அடித்தது. ஈரக் கையோடு கதவைத் திறந்தேன். என் கணவர் கீழே ஆட்டோவிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் பாதிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் ஓடிவந்த கயல் களைப்பில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, இனியா எங்கே?"

கூப்பிட்டேன். பதில் இல்லை. அறைக்குள் போனேன். இனியாவின் உடைகள் எல்லாம் நான்காக மடித்து, ஓரம் தேய்த்து, கட்டில்மேல் வரிசையாக இருந்தன. அலமாரியின் எல்லாத் தட்டுகளும் துடைக்கப்பட்டிருந்தன. பள்ளிப் பை இல்லை. குளியலறை, மொட்டை மாடி, கீழே வண்டி நிறுத்தும் இடம் எங்கும் இல்லை. மூச்சிரைக்க மேலே வந்தபோது கயல் வாசலில் நின்றபடியே, திறந்த கதவின் உட்புறம் தொங்கிய சிலேட்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே: கயல்.

வெளியே: இனியா.

அதைப் பார்த்தபிறகு கொஞ்ச நேரம் நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. கத்தினேன் என்று என் நாத்தனார் சொல்கிறாள். கணவர் பாண்டிபஜார் பக்கம் ஓடினார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அண்ணாச்சி வந்தார்.

"பத்து மணி வாக்குல எறங்கினாளே. எங்கட்டி போறேன்னேன். வெளிய போறேன் அண்ணாச்சின்னா. பைய நல்லா கெட்டியிருந்தா, ஒரு பிதுக்கம் இல்ல. கடைக்குன்னு நெனச்சேன்."

நான் சிலேட்டைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு கையை நீட்டி, ஆணியில் கோணலாகத் தொங்கிய அந்தச் சிலேட்டை நேராக்கினார்.

"புள்ள சொல்லாம போகலியேம்மா" என்றார். "எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்கு."

"வாய மூடுங்க."

சொன்னது அக்கா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் அண்ணாச்சியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "போன வாரம் எங்கிட்ட வந்து பெரியம்மா இருக்க எடத்துக்கு எந்த பஸ்சுன்னு கேட்டா. திருவான்மியூர் பஸ்சுன்னு சொன்னேன். அங்க சின்னப் பிள்ளைகளச் சேப்பாங்களான்னு கேட்டா. வெளையாட்டுக்குக் கேக்கான்னு நானும் சிரிச்சேம்மா. வாங்க."

வீட்டுப் புடவையோடு, செருப்பில்லாமல், அவர் எனக்கு முன்னால் படியிறங்கினார்.

தி.நகரிலிருந்து திருவான்மியூர் எவ்வளவு தூரம் என்று அதற்குமுன் நான் நினைத்துப் பார்த்ததில்லை. சைதாப்பேட்டையில் ஒரு சிக்னல், அடையாறில் இரண்டு. ஆட்டோவிலிருந்து, பக்கத்தில் நின்ற ஒவ்வொரு பஸ்ஸின் சன்னலிலும் பார்த்தேன். போலீசுக்குப் போன கணவர் போனில் அவள் என்ன சட்டை போட்டிருந்தாள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலையில் நான் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கட்டிலில் எந்தச் சட்டை இல்லை என்று போய்ப் பாருங்கள் என்றேன். மடித்து வைத்திருக்கிறாள், எளிதாகத் தெரியும் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் நிலையத்தில், கொய்யாப்பழக் கூடைக்குப் பக்கத்தில், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"உன் புள்ளயா இது?" என்று கொய்யாக்காரம்மா எழுந்தார். "இன்னாம்மா நீ, ரோட்ல உட்டுட்டு இன்னா பண்ணிகினு இருந்த? எங்க போவணும் கண்ணுன்னு கேட்டா, வூட்ல எடம் இல்லாதவங்கள உடுற எடம் எங்க கீதுன்னு கேக்குது. எனக்குக் கொல நடுங்கிப் போச்சு. ஒருத்தன் நான் காட்றேன்னு வந்தான். அட்ச்சித் தொரத்துனேன்."

இனியா அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "கயல் உள்ள போயிட்டாளாம்மா?" என்று கேட்டாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா அவள் தலையைத் தடவினார். பிறகு என்னிடம், "நீங்க போங்க. இவ்வளவு தூரம் வந்தாச்சு. நான் எங்கக்காவப் பாத்துட்டு வாரேன்" என்றார். பெரியம்மா அங்கே வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது அக்காவின் முதல் தடவை என்று பிறகுதான் தெரிந்தது.

வீடு வந்தோம். நாத்தனாரும் கயலும் உள்ளே போகாமல் வாசலிலேயே இருந்தார்கள். உள்ளே போ என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. கயல் அந்த முக்காலியில்தான் இருந்தாள். மிதியடி வரை வந்த இனியா நின்றாள்.

"வாடா கண்ணா."

"நான் உள்ள வந்தா எது வெளிய போகும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கயலை எழுப்பிவிட்டு முக்காலியைத் தூக்கினேன். இரண்டு மாடி இறங்கித் தெருவில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது இனியா எட்டிச் சிலேட்டை எடுத்து, 'வெளியே' பக்கத்தில் தன் பெயரை விரலால் அழித்து, 'முக்காலி' என்று எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து வலது காலை உள்ளே வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிக் கயலைப் பார்த்தாள்.

"முக்காலி எனக்காகப் போச்சு. கயலுக்கு எதும்மா?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் பழக்கியபடி கேட்டாள். கயல் பெட்டியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் இனிமே இந்த வீட்டுல கெடையாது" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அந்தச் சத்தம் யார்மேல் என்று கயலுக்கு எப்படித் தெரியும்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். கையில் அந்த முக்காலி. துடைத்திருந்தார்.

"நல்ல சாமான். என்னத்துக்கு எறிஞ்சிய?"

"வேண்டாம் அண்ணாச்சி."

தோள் துண்டை எடுத்து நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "நான் சாமானத்தத்தாம்மா சொன்னேன்."

"பெரியம்மா?"

அவர் துண்டைத் தோளில் போட்டார். முக்காலியை எடுத்துக்கொண்டு தன் வாசலுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பழையதைத் தூக்கிக்கொண்டு வாட்ச்மேனிடம் கொடுக்கக் கீழே இறங்கினார். அன்றுகூட.

அவரைக் கொடியவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் யாரையும் வெறுத்ததில்லை. இல்லத்துக்கு மாதம் தவறாமல் பழமும் பிஸ்கட்டும் கொடுத்தனுப்பியவர்தான். அந்தச் சிலேட்டில் அவர் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் வந்ததில்லை, அவ்வளவுதான். சாக்கட்டி அவர் கையில் இருந்தது. என் வீட்டில் அது என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் அடையாறுக்குக் குடிமாறினோம். ஒரு அறை கூடுதலாக வேண்டும் என்பது மட்டும்தான் நான் கேட்டது. சாமான் கட்ட வந்தவர்கள் கண்ணாடிப் பாத்திரங்களைப் போட்டு உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, கேட்காமலே உள்ளே வந்து கட்ட ஆரம்பித்தார். தடுக்கலாமென்று நினைத்தேன். தடுக்கவில்லை. அவரைப்போலக் கட்ட யாருக்கும் வராது. ஒவ்வொரு அறையாகப் போனவர், பிள்ளைகளின் அறையில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்த வீட்டுலயே வெவரமா இருக்கது இந்தத் திருச்சிப் பிள்ள ஒண்ணுதான்" என்றார் வெளியே வந்து. "இவளுக்குக் கட்டுதுக்கே ஒண்ணுமில்ல. எல்லாம் பெட்டிக்குள்ளயே ரெடியா இருக்கு."

போய்ப் பார்த்தேன். எட்டு மாதமாகத் தினமும் பார்த்த அறைதான். இனியா ஒழித்துக்கொடுத்த தட்டுகளில் ஒன்றும் இல்லை. துவைத்த துணியைக் கயல் பெட்டிக்குள்தான் வைத்திருந்திருக்கிறாள். சீப்பு, பல்துலக்கி, அம்மாவின் படம், எல்லாம் அதற்குள். நான்காக மடித்து, ஓரம் தேய்த்து. இனியாவிடம் கற்றுக்கொண்டிருப்பாள்.

இப்போது அவளுக்குத் தனி அலமாரி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். "உன்னோடதுடா, எல்லாத்தையும் எடுத்து அடுக்கு" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "சரி அத்தை" என்பாள். நல்ல பிள்ளை. எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டாள். இனியா இப்போது எதையும் தூக்கிப் போடுவதில்லை, உடைந்த பென்சிலைக்கூட. அவள் அலமாரிக் கதவு சாத்துவதில்லை. கயலின் அலமாரியை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துடைக்கிறேன். நான்கு தட்டுகள். துடைப்பதற்கு எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை.